பழைய பிரிட்டிஷ் ஷாட்கன்: செய்தவரையும் வயதையும் கண்டறியும் வழி

பழைய பிரிட்டிஷ் ஷாட்கன் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது அதில் பொறித்திருக்கும் பெயரைத்தான். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையிலோ லாக் எனப்படும் சுடும் பொறியின் தகட்டிலோ பெயர் கிடைத்தவுடன், அவர்தான் அதைச் செய்தவர் என்று முடிவுகட்டிவிட்டு, அந்தப் பெயரை இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் ஆண்டைத் துப்பாக்கியின் வயதாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ஆராய்ச்சி தடம் புரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெயர் என்பது விற்றவருடையதாக இருக்கலாம், பிற்காலத்தில் பொறிக்கப்பட்டதாக இருக்கலாம், வேண்டுமென்றே போடப்பட்ட போலியாகவும் இருக்கலாம். குழலின் அடியில் அடித்திருக்கும் முத்திரைகளோ சட்டத்தின் கீழ் அடிக்கப்பட்டவை. ஆகவே அடியிலிருந்து தொடங்கி, முத்திரை, இயங்குமுறை, முகவரி, ஆவணம் என்று மேலே வந்து, பெயரைக் கடைசியாக விசாரிப்பதே இந்தக் கட்டுரை பரிந்துரைக்கும் ஒழுங்கு.

தொடுவதற்கு முன்

துப்பாக்கியில் மருந்தோ தோட்டாவோ இல்லை என்பதை உறுதிசெய்யாமல் வேறு எதையும் தொடங்கக் கூடாது. மடக்கித் திறக்கும் வகை என்றால் திறந்து அறைகளைப் பார்த்தால் போதும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகையில் அப்படிப் பார்க்க முடியாது. நூறாண்டுக்கும் மேலாகச் சுவரில் தொங்கிய துப்பாக்கிக்குள் மருந்தும் ரவையும் அப்படியே இருந்துவிடுவது உண்டு, கரிமருந்து உலர்ந்த நிலையில் எத்தனை காலமானாலும் வீரியம் இழப்பதில்லை. இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலின் வாய்வழியே, வாயை முகத்துக்கு நேரே பிடிக்காமல், மெதுவாக உள்ளே இறக்கி, அது நிற்கும் இடத்தில் வாயின் விளிம்போடு குச்சியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து, கோட்டை வாயோடு பொருத்திப் பாருங்கள். குச்சியின் நுனி நெருப்புத்துளை இருக்கும் இடம்வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அதை நீங்களாகத் தோண்டி எடுக்க முயலாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். இரட்டைக்குழல் என்றால் இரண்டு குழலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் பழம்பொருள் என்ற விலக்கு எதற்குப் பொருந்தும் என்பதை 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டமும் 2021இல் வந்த விதிகளும் வரையறுக்கின்றன. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கி என்பதாலேயே உரிமமில்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டில் அப்படி ஒன்று கிடைத்தால், ஆராய்ச்சிக்கு முன் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் தெரிவிப்பதே முறை. அதோடு, இந்தக் கட்டுரையில் உள்ள எந்தத் தகவலையும் ஒரு பழைய துப்பாக்கி சுடத் தகுதியானது என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். உள்ளே துரு அரித்த குழலின் கனம் கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துலக்காதீர்கள். உப்புத்தாளும் பாலிஷும் ஒரு மணி நேரத்தில் அழிப்பவற்றை எந்த ஆவணத்தாலும் மீட்டுத் தர முடியாது. முத்திரைகள் ஆழமற்றவை, பொறித்த எழுத்துகள் அதைவிட மெலிதானவை. துணியில் ஓரிரு துளி மென்மையான எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, இருண்ட அறையில் செல்பேசி விளக்கைக் கிடைமட்டமாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். அப்போதும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்து எடுங்கள். திருகாணிகளைக் கழற்றும் ஆசையையும் அடக்கிக்கொள்வது நல்லது. பிரிட்டிஷ் துப்பாக்கித் திருகாணிகளின் பிளவு மிகக் குறுகலானது. கடையில் வாங்கும் சாதாரணத் திருப்புளி அதன் விளிம்பைச் சிதைத்துவிடும்.

குழலின் அடியில் என்ன இருக்கிறது

மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியே வந்துவிடும். அவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், தோட்டா அறைகளுக்கு நேர் கீழே இரண்டு தட்டையான பரப்புகள் தெரியும். புரூஃப் முத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும். குழல் அமரும் இரும்பு உடலான ஆக்‌ஷனின் தட்டைப் பரப்பிலும் சில இருக்கும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் குழலின் பின்முனையை ஒட்டி, அடியிலோ பக்கத்திலோ தேட வேண்டும்.

புரூஃப் என்பது, வழக்கத்தைவிட அதிக மருந்து கெட்டிச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்குகிறதா என்று அரசின் அதிகாரம் பெற்ற அமைப்பு சோதிப்பது. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்று இந்தச் சோதனையை நடத்தத் தொடங்கியது. பர்மிங்காமில் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் புரூஃப் ஹவுஸ் நிறுவப்பட்டது. இங்கிலாந்தில் சோதனை செய்யாத குழலை விற்பது அதன்பின் குற்றமாயிற்று. இரண்டு இடங்களும் இன்றும் இயங்குகின்றன. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, முத்திரை லண்டனுடையதா பர்மிங்காமுடையதா என்பது.

லண்டன் முத்திரையில் மகுடத்தின் கீழ் ஜி, பி என்ற இரண்டு எழுத்துகள் பின்னிப் பிணைந்திருக்கும். அதன் அருகே மகுடத்தின் கீழ் வி என்ற எழுத்து, கண்ணால் பார்வையிட்டதற்கான அடையாளமாக இருக்கும். இவை நெடுங்காலம் பெரிதாக மாறாததால் இவற்றை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. பர்மிங்காம் இந்த விஷயத்தில் நமக்கு அதிகம் உதவுகிறது. 1813 முதல் 1904 வரை அங்கே, குறுக்கே சாய்த்த இரண்டு செங்கோல்கள், மேலே மகுடம், இடைவெளிகளில் பர்மிங்காம் புரூஃப் கம்பெனி என்பதன் மூன்று முதலெழுத்துகள் என்ற முத்திரையை அடித்தார்கள். பார்வையிட்ட முத்திரையில் அதே செங்கோல்களோடு வி இருக்கும். 1904 விதிகளோடு செங்கோல்கள் விடைபெற்று, மகுடத்தின் கீழ் எளிய இரட்டை எழுத்துகள் வந்தன. ஆகவே செங்கோல் முத்திரை ஒன்றே, அந்தக் குழல் 1904க்கு முந்தையது என்று சொல்லிவிடும்.

எண்கள் இன்னும் நெருக்கமாகச் சொல்லும். ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாகப் பிரித்தால் ஓர் உருண்டை குழலுக்குள் பொருந்துமோ அந்த எண்ணிக்கையே போர் எனப்படுகிறது. நம்மூரில் 12 போர் என்று சொல்வதும் இதைத்தான். எண் கூடக் கூடக் குழல் குறுகும். 12 போர் என்பது 0.729 அங்குலம், 13 என்பது 0.710 அங்குலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த எண்ணைக் குழலில் அடித்தார்கள். வாயருகே குழலைக் குறுக்கும் சோக் முறை 1870களில் பரவியபோது, அப்படிக் குறுக்கிய குழலில் ஒற்றை உருண்டையைச் சுடுவது ஆபத்து என்பதால், 1875 முதல் 1887 வரை ‘நாட் ஃபார் பால்’ (உருண்டைக்கு அல்ல) என்ற எச்சரிக்கையையே குழலில் பொறித்தார்கள். இந்தச் சொற்களைப் பார்த்தால் மகிழுங்கள், பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிட்டீர்கள். 1887 விதிகளின்படி அதற்குப் பதிலாக ‘சோக்’ என்ற ஒரே சொல் வந்தது. தோட்டா அறையின் அளவைச் சாய்சதுரக் கட்டத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்துமாக அடிக்கும் வழக்கமும் அப்போதுதான் வந்தது. உள்ளளவை நுணுக்கமாகக் காட்ட 13/1 போன்ற பின்ன வடிவ எண்களும் வந்தன. 13/1 என்பது 0.719 அங்குலம், அதாவது 12க்கும் 13க்கும் இடைப்பட்ட அளவு.

அதற்குப் பிந்தையவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். புகையில்லா மருந்துக்கான சோதனை 1896இல் விருப்பச் சோதனையாக வந்தது. 1904க்குப் பின், நைட்ரோ புரூஃப் என்பதைக் குறிக்கும் என்.பி. என்ற எழுத்துகளைக் காணலாம். பர்மிங்காமில் அவற்றுக்கு மேல் மகுடம், லண்டனில் வளைந்த வாளை ஏந்திய கை. தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலம் என்பதுபோல எழுதியிருந்தால் 1925 அல்லது அதற்குப் பிந்தைய விதி. அழுத்தத்தை டன் கணக்கிலும் உள்ளளவைத் தசமத்திலும் எழுதியிருந்தால் 1950களின் நடுவுக்குப் பிந்தையது. மெட்ரிக் அளவில் பார் என்று இருந்தால் 1989க்குப் பிறகு. பர்மிங்காமில் 1921 முதல் இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகள்வரை, சோதனை நடந்த ஆண்டையே ஓர் எழுத்தாகக் குறிக்கும் சிறு முத்திரையும் உண்டு. அது கிடைத்தால் சோதித்த ஆண்டே கையில் கிடைத்த மாதிரி.

இங்கே பலரும் இடறுவதுண்டு. முத்திரை சொல்வது குழல் சோதிக்கப்பட்ட காலத்தை மட்டுமே. 1880இல் செய்த துப்பாக்கியை 1930இல் புகையில்லா மருந்துக்காக மறுசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். மகுடத்தின் கீழ் ஆர் என்ற எழுத்து மறுசோதனையைக் குறிக்கும். ஆகவே பழைய முத்திரையும் புதிய முத்திரையும் ஒரே தட்டைப் பரப்பில் இருந்தால், பிறந்த காலத்துக்குப் பழையதையும், அது பயன்பாட்டில் இருந்த காலத்துக்குப் புதியதையும் கொள்ளுங்கள். குழலே பிற்காலத்தில் மாற்றப்பட்டும் இருக்கலாம். குழல், ஆக்‌ஷன், முன்கட்டையின் இரும்பு ஆகிய மூன்றிலும் ஒரே தொடரெண் இருக்கிறதா என்று ஒப்பிட்டால் அது தெரியவரும்.

மகுடமிட்ட நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள் மட்டும் இருந்து, பிரிட்டிஷ் முத்திரை எதுவும் இல்லையென்றால், அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் சோதிக்கப்பட்டது. மேலே எத்தனை புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர் இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். புகழ்பெற்ற பெயரைப் போலவே ஒலிக்கும் பெயர்களைப் பொறித்த மலிவான பெல்ஜியத் துப்பாக்கிகள் உலகெங்கும் விற்பனையாயின. மான்டன், ரிச்சர்ட்ஸ் ஆகிய பெயர்கள் அப்படி மிக அதிகமாகக் களவாடப்பட்டவை. வெஸ்ட்லி என்ற முன்பெயர் இல்லாத வெறும் ரிச்சர்ட்ஸைப் பார்த்தால் முத்திரையை இன்னொரு முறை படியுங்கள்.

இயங்குமுறை சொல்லும் கீழெல்லை

அடுத்தது, துப்பாக்கி எப்படி இயங்குகிறது என்பது. அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807இல் பெற்ற காப்புரிமைதான், சக்கிமுக்கிக் கல்லின் காலத்தை முடித்துவைத்த, அடித்தால் வெடிக்கும் அதிர்வு மருந்து முறைக்கு அடித்தளம். அந்த மருந்தை அடைத்த செப்புக் கேப்பு 1820களில் பரவியது. குழலை மடக்கித் தோட்டாவைப் பின்னாலிருந்து போடும், பிரெஞ்சுக்காரர் லெஃபோஷோவின் துப்பாக்கி 1851ஆம் ஆண்டின் லண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பிறகுதான் ஆங்கிலேயத் தொழிலாளர்கள் அந்த வழிக்குத் திரும்பினார்கள். அதன் தோட்டாவில் பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் அடிக்கும் இன்றைய வகைத் தோட்டாவை ஜார்ஜ் டா 1861இல் லண்டனில் அறிமுகப்படுத்தினார்.

அதன் பிறகு வந்த இருபது ஆண்டுகள் இந்தத் தொழிலின் பொற்காலம், ஆராய்ச்சியாளருக்கும் வளமான காலம். ஒவ்வோர் உறுப்புக்கும் காப்புரிமையும் ஆண்டும் உண்டு. குழலைக் கீழிருந்து பூட்டும், லண்டன் பர்டே நிறுவனத்தின் இரட்டைக் கொக்கி 1863. மேலே உள்ள நெம்பைத் திருப்பினால் அந்தக் கொக்கி விலகும்படி செய்த ஸ்காட்டின் அச்சு 1865. அடித்த பிறகு ஹேமர் எனும் சுத்தி தானாகச் சற்றுப் பின்வாங்கி நிற்கும் ஸ்டான்டனின் லாக் 1867. முன்கட்டையின் நுனியில் பொத்தானை அழுத்திக் கழற்றும் ஆன்சனின் முறை 1872. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சனும் டீலியும் வெளியில் ஹேமர் தெரியாத பாக்ஸ்லாக்கை 1875இல் காப்புரிமை செய்தார்கள். இன்றுவரை உலகில் மிக அதிகமாகப் பின்பற்றப்பட்ட இரட்டைக்குழல் வடிவம் அதுதான். தானே திறந்துகொள்ளும் பர்டே துப்பாக்கிகளின் ஆக்‌ஷன் ஃபிரெடரிக் பீஸ்லி 1880இல் காப்புரிமை பெற்று அந்த நிறுவனத்துக்கு விற்றது.

உங்கள் துப்பாக்கியில் இவற்றில் எது கடைசியாக வந்ததோ, அதுவே கீழெல்லை. அதற்கு முன் அந்தத் துப்பாக்கி இருந்திருக்க முடியாது. ஆனால் மேலெல்லையை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது. ஹேமர் வெளியே தெரிகிறது, ஆகவே 1875க்கு முந்தையது என்ற வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இருபதாம் நூற்றாண்டிலும் ஹேமர் வைத்த பர்டேக்களையே விரும்பிச் சுட்டார். ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்ட துப்பாக்கிகளும் ஏராளம். குழலின் பின்விளிம்பில், மேற்பக்கமாக, சிறு பள்ளம் நிரப்பி மூடப்பட்ட தடம் தெரிந்தால், அது ஊசித் தோட்டாவுக்காகப் பிறந்து பின்னர் நடுவில் அடிக்கும் வகைக்கு மாறியது.

காப்புரிமைப் பயன்பாட்டு எண் பொறித்திருந்தால் அதைத் தொடரெண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காப்புரிமையாளருக்குக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திய ஒவ்வொரு முறைக்கும் ஒரு பயன்பாட்டு எண் அடிப்பது வழக்கம். அந்தக் காலத்தில் காப்புரிமையின் ஆயுள் பதினான்கு ஆண்டுகள். ஆகவே பயன்பாட்டு எண் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள் செய்தது என்று கொள்ளலாம். இயங்குமுறையிலிருந்து கிடைப்பவற்றில் இருபுறமும் எல்லை கட்டும் சான்று இது.

இனிப் பெயரும் முகவரியும்

பெயரைவிட அதனருகே உள்ள முகவரி அதிகம் பேசும். கடைகள் இடம் மாறும், அந்த மாற்றங்களின் ஆண்டுகள் பதிவாகியிருக்கும். பாஸ் நிறுவனம் 1839 முதல் 1908 வரை செயின்ட் ஜேம்ஸ் தெரு 73ஆம் எண்ணில் இருந்தது, பிறகு டோவர் தெருவுக்குப் போனது. பர்டே 1882இல் சவுத் ஆட்லி தெருவுக்கு வந்தது. அதற்கு முந்தையவற்றில் ஆக்ஸ்ஃபோர்டு தெரு இருக்கும். ஜோசப் மான்டன் டேவிஸ் தெருவிலிருந்து 1819இல் ஹனோவர் சதுக்கத்துக்குப் போய், 1826இல் திவாலானார். நிறுவனப் பெயரும் மாறும். ஹாரிஸ் ஹாலண்டின் கடை 1876இல்தான் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஆனது. வெப்லி அண்ட் ஸ்காட் என்ற பெயர் 1897ஆம் ஆண்டு இணைப்புக்குப் பின்னரே உண்டு. அரசிக்குத் துப்பாக்கி செய்பவர் என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் விக்டோரியாவின் காலம், மன்னருக்கு என்றால் 1837க்கு முன்போ 1901க்குப் பிறகோ. இது பெட்டிக்குள் ஒட்டிய சீட்டுக்கும் பொருந்தும். ஆனால் துப்பாக்கிகள் பெட்டி மாறி உட்காருவது மிகச் சாதாரணம். பெட்டியின் உள்வெட்டில் துப்பாக்கி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே சீட்டை நம்புங்கள்.

இங்கே ‘செய்தவர்’ என்பதற்கு என்ன பொருள் கொள்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பர்மிங்காமில் ஸ்டீல்ஹவுஸ் லேன், லவ்டே தெரு, விட்டால் தெரு ஆகியவற்றைச் சுற்றியிருந்த துப்பாக்கிப் பேட்டையில் ஒரே கூரையின் கீழ் ஒரு துப்பாக்கி முழுமையாக உருவாவது அரிது. குழல் செய்பவர் ஒருவர், ஆக்‌ஷனை அரத்தால் ராவிப் பொருத்துபவர் ஒருவர், வால்நட் கட்டையைக் கடைந்து பொருத்துபவர் ஒருவர், சித்திரம் பொறிப்பவர் ஒருவர் என்று சிறுசிறு பட்டறைகளில் வேலை பிரிந்து நடக்கும். லாக்குகளோ பெரும்பாலும் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வரும். அங்கிருந்த ஜோசப் பிரேசியரின் லாக்குகளை லண்டனின் முதல்தரக் கடைகளே வாங்கின. இப்படி உருவான துப்பாக்கியில் கடைசியாகப் பொறிக்கப்படும் பெயர், அதற்கு ஆர்டர் கொடுத்த ஏதோ ஓர் ஊரின் இரும்புக்கடைக்காரருடையதாக இருக்கலாம். ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம்கூடத் தன் பெயர் பொறித்து விற்றது. ஸ்காட் நிறுவனம் தன் பெயரில்லாமல் பல லண்டன் கடைகளுக்குச் செய்து கொடுத்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தத் தொழில் நடந்த முறையே அது. விற்றவர், இணைத்து முடித்தவர், உறுப்புகளைச் செய்தவர் என்று மூன்று நிரல்களாக எழுதத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மூன்றாவது நிரலுக்கு, குழலின் அடியிலும் ஆக்‌ஷனின் உள்ளேயும் உள்ள சிறிய முதலெழுத்துகள் துணை நிற்கும். வெளிப்பார்வைக்கு வராத இடத்தில், கைவேலைக்காரர் தன் அடையாளமாக அடித்தவை அவை. அவற்றைப் படம் எடுத்து வைக்கத் தவறாதீர்கள்.

லண்டன் முகவரியும் பர்மிங்காம் முத்திரையும் ஒன்றாக இருந்தால் போலி என்று பதற வேண்டியதில்லை. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பர்மிங்காமில் செய்து லண்டன் நியூ பாண்ட் தெருவில் விற்றது. கிரீனர் நிறுவனத்துக்கும் பர்மிங்காமில் தொழிற்சாலையும் லண்டனில் கடையும் இருந்தன.

ஓர் எடுத்துக்காட்டு

இதுவரை சொன்னதை ஒரு துப்பாக்கியின் மேல் வைத்துப் பார்ப்போம். ஹேமர் வெளியே தெரியும் இரட்டைக்குழல், நடுப்பட்டையில் இங்கிலாந்தின் ஒரு சந்தை ஊரும் ஒரு பெயரும், தெரு எதுவும் இல்லை. குழலின் அடியில் செங்கோல் முத்திரைகள், சாய்சதுரத்துக்குள் 12 சி, அருகே 13/1, இடக்குழலில் மட்டும் ‘சோக்’. புகையில்லா மருந்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. மேல்நெம்பு, பின்வாங்கும் லாக்குகள், பொத்தான் வைத்த முன்கட்டை.

செங்கோல்கள் இருப்பதால் பர்மிங்காம், 1904க்கு முன். சாய்சதுரம் இருப்பதால் 1887 அல்லது அதற்குப் பின். நெம்பு, லாக், முன்கட்டை எல்லாம் 1872க்குள் வந்துவிட்டவை, ஆகவே இந்த இடைவெளியோடு முரண்படவில்லை, அதைச் சுருக்கவும் இல்லை. வலக்குழலில் ‘சோக்’ இல்லாதது இயல்புதான். அருகில் சுட அகலமாகவும் தொலைவில் சுடக் குறுக்கியும் வைப்பது வழக்கம். ஆக, 17 ஆண்டு இடைவெளியும் பர்மிங்காம் என்ற இடமும் உறுதியாகிவிட்டன. மேற்கொண்டு சுருக்க வேண்டுமானால் சந்தை ஊரின் அந்தப் பெயரைத் தேடிப் போக வேண்டும், இப்போதுதான் அதற்கு வேளை வந்திருக்கிறது.

காகிதங்களைத் தேடும் முறை

கெல்லி, பிகட், ஸ்லேட்டர் முதலிய வணிகக் கையேடுகள் ஊர்வாரியாக, தொழில்வாரியாகக் கடைக்காரர்களைப் பட்டியலிட்டன. லெஸ்டர் பல்கலைக்கழகம் அவற்றில் பலவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. துப்பாக்கி செய்வோர் என்ற தலைப்பில் மட்டும் தேடி நிறுத்திவிடாமல், இரும்பு வியாபாரி, கத்தி வியாபாரி என்ற தலைப்புகளிலும் தேடுங்கள். பெயர் முதலில் தோன்றும் ஆண்டையும் கடைசியாகத் தோன்றும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, கையேடு அச்சாவதற்கு ஓராண்டு முன்பே விவரம் சேகரிக்கப்பட்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் 1841 முதல் 1921 வரையிலான தாள்கள் திறந்துள்ளன. 1931ஆம் ஆண்டினுடையவை தீயில் அழிந்துவிட்டன. அவற்றில் ஒருவர் தன்னைத் துப்பாக்கி செய்பவர் என்று சொன்னாரா, வியாபாரி என்று சொன்னாரா, எத்தனை பேரை வேலைக்கு வைத்திருந்தார், மகன்கள் அதே தொழிலில் இருந்தார்களா என்பவை தெரியும். பதினைந்து பேரை வேலைக்கு வைத்தவரும், மனைவி மக்களோடு தனியாகக் கடை நடத்தியவரும் ஒரே மாதிரியான துப்பாக்கியைச் செய்திருக்க முடியாது. கூட்டு வணிகம் கலைந்ததும் திவாலானதும் லண்டன் கெசட்டில் அச்சானது, அதை இலவசமாகத் தேடலாம். 1858 முதலான உயில் பதிவு நாட்காட்டி இறந்த நாளைத் தரும். உரிமையாளர் இறந்த பின்னும் பெயர் தொடர்ந்து பொறிக்கப்படுவது உண்டு என்பதால், அந்த நாளை மேலெல்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

பெரிய நிறுவனம் என்றால் தொடரெண்ணே நேரான பாதை. பிரிட்டனில் எல்லோருக்கும் பொதுவான எண்வரிசை எதுவும் இருந்ததில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் எண்ணியது, ஆகவே ஒருவரின் 5000த்தை இன்னொருவரின் 5000த்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. எண் பெரும்பாலும் விசைக்காப்பு வளையத்தின் பின்வாலில் இருக்கும். பர்டே, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பாஸ், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், எடின்பரோவின் ஜான் டிக்சன் போன்றவர்களிடம் பழைய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. கட்டணம் பெற்றுக்கொண்டு பதிவின் விவரத்தை எழுதித் தருவார்கள். ஆர்மி அண்ட் நேவியின் துப்பாக்கிப் பதிவுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எழுதும்போது தொடரெண், குழலின் நீளம், போர், முத்திரைகளின் தெளிவான படங்கள், பட்டையில் உள்ள எழுத்து எழுத்துக்கூட்டலோடு ஆகியவற்றை அனுப்புங்கள். விலை மதிப்பைக் கேட்காமல் இருந்தால் பதில் விரைவாக வரும்.

பதில் வந்ததும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் துப்பாக்கியோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பேரேட்டில் 30 அங்குலம் என்றிருக்க, உங்கள் குழல் 28 அங்குலம் என்றால் வாயை உற்றுப் பாருங்கள். செய்தபடியே இருக்கும் இரட்டைக்குழலில் வாய்கள் இரண்டும் நுனியில் ஏறத்தாழ ஒட்டி நிற்கும். வெட்டிக் குறைத்ததில் அவற்றுக்கு இடையே சிறு இடைவெளி தெரியும், அதை ஈயப்பற்று வைத்தோ துண்டு வைத்தோ நிரப்பியிருப்பார்கள். வெட்டினால் சோக்கும் போய்விடும் என்பதால், அடியில் ‘சோக்’ என்று இருந்தும் வாயில் குறுகல் இல்லையென்றால் ஐயம் உறுதியாகிறது. நடுப்பட்டையிலோ மேல்நெம்பிலோ தங்கத்தில் 1 அல்லது 2 என்ற எண் இருந்தால், அது ஒரு ஜோடியில் ஒன்று. பேரேடு மற்றதன் எண்ணையும் சொல்லக்கூடும். கட்டையின் அடியிலுள்ள வெள்ளித் தகட்டின் முதலெழுத்துகள் பேரேட்டிலுள்ள முதல் உரிமையாளரோடு பொருந்தினால், துப்பாக்கியும் பதிவும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

கடல் கடந்து வந்தவை

தமிழ்நாட்டில் உள்ளவர்கள் சந்திக்கும் துப்பாக்கிகளில் இங்கிலாந்தின் சந்தை ஊருக்குப் பதிலாக சென்னையோ கல்கத்தாவோ இருக்கும். மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரங்களோடு துப்பாக்கிகளையும் தங்கள் பெயரில் விற்றார்கள். ஓக்ஸ் நிறுவனமும் அப்படியே. கல்கத்தாவில் மான்டன் குடும்பத்தின் கிளை 1825இல் தொடங்கியது. ரோடா நிறுவனமும் அங்கே பெரிய கடை. 1914 ஆகஸ்ட்டில் வங்கப் புரட்சியாளர்கள் மவுசர் கைத்துப்பாக்கிகளைக் கவர்ந்தது இந்த ரோடாவுக்கு வந்த சரக்கிலிருந்துதான். இத்தகைய துப்பாக்கிகளுக்கும் முறை அதேதான். குழலைத் திருப்பினால் பெரும்பாலும் பர்மிங்காம் முத்திரைதான் இருக்கும். விற்றவர் நிரலில் சென்னைக் கடையை எழுதுங்கள், செய்தவர் நிரலில் அந்தப் பெயரை நகலெடுக்காதீர்கள். ஆங்கிலேயர் காலத்துச் சென்னை ஆண்டுக் கையேடுகளில் இந்தக் கடைகளின் விளம்பரங்களும் முகவரிகளும் வருவதால், வணிகக் கையேடுகளுக்கு இணையான சான்று இங்கேயும் உண்டு.

கடைசியாக, கண்டதை எழுதி வைக்கும் முறை. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாம் பார்த்த எடுத்துக்காட்டில் அந்தச் சந்தை ஊர்க்காரரின் பெயர் வணிகக் கையேடுகளில் 1890களில் மட்டும் தென்பட்டால், எழுத வேண்டியது இவ்வளவுதான்: “பர்மிங்காமில் சோதிக்கப்பட்டது, 1887க்கும் 1904க்கும் இடையில், முத்திரைகளின்படி. இன்னார் விற்றது, 1890களில் ஆகலாம், வணிகக் கையேடுகளின்படி. இணைத்து முடித்தவர் தெரியவில்லை. குழலின் அடியில் இரண்டு முதலெழுத்துகள், படம் இணைப்பில்.” தெரியவில்லை என்ற அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் விட்டுவைத்தால், அதே முதலெழுத்துகளை இன்னொரு துப்பாக்கியில் காணும் ஒருவர் அதை நிரப்ப முடியும்.